பிச்சைமணி சல்லடை

போடிநாயக்கனூரில் ஏலக்காய் சலிக்கிற சல்லடைக்கு ஒரு காலத்தில் நம்பர் மட்டும் சொன்னால் போதாது. ஆள் பெயரும் சொல்ல வேண்டும். ஏழாம் நம்பர், எட்டாம் நம்பர் என்று துளையின் மில்லிமீட்டர் அளவைச் சொன்னதும், "பிச்சைமணி சல்லடையா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. காய் வாங்க வந்தவர் தன் பையில் இருக்கும் அளவுகோலை வெளியே எடுக்கவே மாட்டார்.

பிச்சைமணிக்குச் சொந்த ஊர் சிலமலை. இருந்த நிலத்துக்கு அண்ணன்மார் இருவரே அதிகம் என்று இவர் போடிக்கு வந்து பட்டறைகளில் இரும்போடு பழகினார். எழுபத்திரண்டில் ஸ்டேஷன் போகிற ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு ஒரு பழைய லேத்தை நிறுத்தினார். மலை மேலே காய் உலர்த்துகிற ஸ்டோர்களுக்கு வேண்டிய தண்டும் புஷ்ஷும் கடைந்து கொடுத்தார். தண்டும் புஷ்ஷும் யார் வேண்டுமானாலும் கடையலாம். சல்லடை அப்படியில்லை.

இரண்டடிக்கு இரண்டடி அலுமினியத் தகடு. அதில் ஊசிமுனையால் குறுக்கும் நெடுக்கும் கோடு கிழிப்பார். தகட்டுக்குக் கீழே ஈயக்கட்டி. மேலே, துளை போடுவதற்கு அவரே கடைந்து பதமேற்றிய பஞ்ச். வலது கையில் சுத்தியல். ஒரு தகட்டில் இரண்டாயிரத்து எண்ணூறு சொச்சம் துளை விழும். ஒரு சல்லடைக்கு முழுசாக இரண்டு நாள் பிடிக்கும். ஆவணியில் மலையில் காய்ப் பறிப்பு தொடங்கிவிட்டால் ஊரே மணக்கும். ஜீப்பிலிருந்து இறங்குகிற சாக்கு மணக்கும். பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் சட்டை மணக்கும். மதுரை ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலும் யார் போடிக்காரர் என்று சொல்லிவிடலாம். அந்த மணத்துக்குள்ளே ஸ்டேஷன் ரோட்டிலிருந்து பிச்சைமணியின் சுத்தியல் சத்தம் பகல் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கும். அந்த ரோட்டில் இருந்தவர்களுக்கு அது மணிக்கூண்டுச் சத்தம் மாதிரி. நின்றால்தான் என்னவென்று நிமிர்ந்து பார்ப்பார்கள்.

எண்பத்து நாலு ஐப்பசியில் அது நின்றது.

முதலில் டீ டம்ளர்தான் கை நழுவியது. அப்புறம் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. வலது கைக் கட்டை விரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப் போயின. தேனி டாக்டர் மணிக்கட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு, எத்தனை வருடமாகச் சுத்தியல் பிடிக்கிறீர்கள் என்று கேட்டார். இவர் சொன்னதும், இனிமேல் பிடிக்கக்கூடாது, பிடித்தால் சோறு பிசையவும் இந்தக் கை உதவாது என்றார்.

இடது கையால் அடித்துப் பார்த்தார். துளைகள் கோட்டை விட்டு விலகின. கூலிக்கு ஒரு ஆளை உட்கார வைத்தார். அவன் அடி காலையில் ஒரு மாதிரியும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாதிரியும் இருந்தது. அவன் அடித்த இரண்டு சல்லடைகளும் திரும்பி வந்தன. லேத்து இருந்ததால் வீட்டில் அடுப்பு எரிந்தது, அதில் குறையில்லை. ஆனால் காசிமாயன், "பிச்சைமணி, ஒன் கையில அடிச்சுத் தர்றதுன்னா சொல்லு. இல்லைன்னா வெளியூருல அச்சுல அடிச்சது வருதாம், அதை வாங்கிக்கிறேன்" என்று சொன்ன அன்று பிச்சைமணிக்குச் சோறு இறங்கவில்லை. காசிமாயனுக்குப் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் தோட்டம். போடியில் காய் தரம் பிரிக்கிற பெரிய கொட்டகை. அவர் எந்தச் சல்லடையை எடுக்கிறாரோ அதைத்தான் மற்றவர்களும் எடுப்பார்கள். அந்தக் கொட்டகையில் நாற்பது பெண்கள் உட்கார்ந்து காய் பொறுக்கினார்கள். அவர்களில் ஒருத்தி பிச்சைமணியின் மனைவி ராமுத்தாய்.

இந்த நேரத்தில்தான் யோசேப்பு ஒரு மோட்டாரைத் துணியில் சுற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தான்.

யோசேப்பு கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தான். தபாலில் பாடம் வரவழைத்து வேலை கற்றவன். எதைக் கண்டாலும் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தால்தான் அவனுக்கு மனசு ஆறும். அந்த வருடம் மெட்ராஸிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் பலகை வரவழைத்திருந்தான். டி.வி. மாதிரி திரையெல்லாம் கிடையாது. உள்ளங்கை அளவு பச்சைப் பலகை, இருபத்துச் சொச்சம் பொத்தான், ஆறு சிவப்பு எண்கள் எரிகிற ஒரு சன்னல். அவ்வளவுதான். மோட்டார், கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் எடுத்தது. ஏதோ ஆபீஸ் அச்சு இயந்திரத்தில் இருந்ததாம். அதைப் பலகையோடு சேர்த்து, பொத்தானைத் தட்டினான். மோட்டார் முணுக்கென்று நகர்ந்து நின்றது. இன்னொரு தட்டு, இன்னொரு முணுக்.

"இருநூறு முணுக்கு ஒரு சுத்து அண்ணே. எத்தனைன்னு சொல்றீகளோ அத்தனைதான் போகும். கூடவும் போகாது, கொறையவும் போகாது."

பிச்சைமணி மோட்டாரின் தண்டை இடது கையால் திருகிப் பார்த்தார். அது விட்டுக் கொடுக்கவில்லை. "நான் கூலிக்கு வச்ச ஆளை விட இது யோக்கியமா இருக்கேப்பு" என்றார்.

அன்றிலிருந்து ஏறக்குறைய இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்த மெசினுக்கே போயின. பின்னாளில் பிச்சைமணி எதை மறந்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளை மறக்கவில்லை. யோசேப்பு கோயில் பூசை முடிந்து நல்ல சட்டையோடு நேரே பட்டறைக்கு வருவான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தபாலில் வி.பி.பி.யாக வந்த பார்சலைப் பிரிப்பான். உள்ளே தீப்பெட்டிகள் அளவில் சின்னச் சின்னப் பொட்டலங்கள். வண்ணக் கோடு போட்ட மிளகு மாதிரி சாமான்கள், பல கால் பூச்சி மாதிரி கறுப்புச் சில்லுகள். ஒவ்வொன்றின் பெயரையும் சத்தமாகச் சொல்லி எடுத்து வைப்பான். கூடவே அகராதியும் இங்கிலீஷ் கையேடும். ஒரு பக்கத்துக்கு அர்த்தம் பிடிபட ஒரு ஞாயிறு ஆகும். கோடு கிழித்த நோட்டில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டான். செம்புப் பலகையில் மின்சாரம் ஓடுகிற கோடு வரைய அவன் மனைவியின் நகப்பூச்சுத்தான் மை. அந்த இரண்டு வருடமும் தான் நகத்துக்குப் பூசியதே இல்லை என்று அந்த அம்மாள் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இரும்பு வேலை முழுக்கப் பிச்சைமணியுடையது. தகட்டை வைக்க ஒரு மேசை. அது முன்னும் பின்னும், இடமும் வலமும் நகர வேண்டும். அதற்குத் திருகாணி மாதிரி இரண்டு நீளமான மரைத்தண்டுகள். ஒரு சுற்றுக்கு நாலு மில்லிமீட்டர் நகருகிறபடி அவரே மரை வெட்டினார். லேத்தில் கை ஓய்வாக வைத்துச் செய்யலாம் என்பதால் அதற்கு மணிக்கட்டு சம்மதித்தது. ஐம்பது முணுக்கு ஒரு மில்லிமீட்டர். துளைக்குத் துளை பன்னிரண்டு மில்லிமீட்டர் என்றால் அறுநூறு முணுக்கு. அடுத்த வரிசை பாதித் தூரம் தள்ளித் தொடங்க வேண்டும், அதற்கு முந்நூறு. துளை போட பஞ்ச்சுக்குப் பதில் டிரில்.

முதலில் ஒரே பலகையை வைத்து இரண்டு மோட்டாரையும் ஓட்டப் பார்த்தார்கள். ஒன்று வேகமெடுத்தால் மற்றது விக்கியது. யோசேப்பு மூன்று வாரம் தலையைச் சொறிந்துவிட்டு, ஒரு பலகைக்கு ஒரு மோட்டார்தான் என்று முடிவெடுத்தான். துளையை எண்ணி உத்தரவு போட மட்டும் ஒரு தலைமைப் பலகை. அதற்குக் கீழே ஆளுக்கு ஒரு மோட்டாராக மற்றவை. எல்லாம் வரிசையாகச் செருகி நிற்க ஒரு சட்டம் வேண்டும் என்றான். எத்தனை பலகைக்கு என்று பிச்சைமணி கேட்க, எட்டுக்குப் போடுங்கள் என்றான். எதற்கு எட்டு என்று அவனுக்கே தெரியாது. அலுமினியச் சட்டத்தில் பலகை செருக எட்டுக் காடியும், பின்னால் எட்டுக்கும் பொதுவாக ஓடுகிற கம்பி வரிசையும் தயாராயின. அதில் ஒரு பலகை மட்டும் நின்றது.

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த ராமுத்தாய் அதைச் சுற்றி வந்து பார்த்தாள். "எஸ்டேட்டு லயம் மாதிரி எட்டு வீடு கட்டிட்டு ஒரு வீட்லதான் ஆளு இருக்கு. மத்த வீட்டுக்கு யாரு, பேயா குடி வரப்போகுது?"

"ஆளு வரவரக் குடி வைப்போம் மதினி. இப்பவே சொவரு வைக்காட்டி அப்பறம் வீட்டை இடிச்சுல்ல கட்டணும்" என்றான் யோசேப்பு.

இரண்டாவது பலகை வந்தது. மூன்றாவது வந்தது. டிரிலை இறக்கி ஏற்ற நாலாவதும் வந்தது. ஒவ்வொன்று வந்தபோதும் முன்னே இருந்ததைத் தொடாமல் பக்கத்துக் காடியில் செருகினார்கள். செருகியதும் வேலை செய்தது என்று சொல்ல முடியாது. ஒரு மாதம் ஆகும். மோட்டாருக்கான உத்தரவு எழுதுகிற சில்லில் பிழை வந்தால் அழித்துத்தான் மறுபடி எழுத வேண்டும்; அழிக்கிற வெளிச்சம் உள்ளே படுவதற்கு அதன் மேலே ஒரு கண்ணாடிச் சன்னல் இருக்கும். அழிக்கிற விளக்கு அவர்களிடம் இல்லை. வெயிலில் ஒரு வாரம் வைத்தாலும் அழியும் என்று கையேட்டில் ஒரு மூலையில் போட்டிருந்தது. யோசேப்பு மொட்டை மாடியில் வத்தல் காய்கிற பாயின் ஓரத்தில் ஒரு தட்டில் பரப்பி வைத்தான். ராமுத்தாய் இதைக் கொட்டகையில் போய்ச் சொல்ல, ரேடியோக்காரர் வீட்டில் இந்த வருடம் என்ன வத்தல் போட்டிருக்கிறார்கள் என்று பெண்கள் ஒரு வாரம் சிரித்தார்கள்.

கரண்டு போனால் தலைமைப் பலகைக்கு எண்ணிக்கை மறந்துபோகும். பாதித் தகடு வீணாகும். நாலு டார்ச் பேட்டரியை வைத்து அது சரியானது. அதைவிடப் பெரிய தொல்லை வரிசைகள் கோணலாக விழுந்தது. இடமிருந்து வலம் போகிற வரிசை ஒழுங்காக இருக்கும். வலமிருந்து திரும்புகிற வரிசை ஒரு மயிரிழை தள்ளி நிற்கும். மரைத்தண்டுக்கும் அதன் நட்டுக்கும் நடுவே இருக்கிற ஆட்டம்தான் காரணம் என்று பிச்சைமணிக்குத் தெரியும். எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்சம் ஆட்டம் மிஞ்சியது. ஒரு தண்டு வேலைக்காக ஜீப்பில் போடிமெட்டுக்குப் போனபோது, கொண்டை ஊசி வளைவில் டிரைவர் வண்டியை வளைவைத் தாண்டி விட்டு, பின்னால் எடுத்து, மறுபடி ஒரே வாகில் ஏற்றினான். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், இறங்கி வந்ததும் யோசேப்பு கடைக்குப் போய், திரும்புகிற வரிசையில் துளையைத் தாண்டிக் கொஞ்சம் போய்விட்டு, அப்புறம் எப்போதும் இடப்பக்கமிருந்தே வந்து நிற்கச் சொல் என்றார். முப்பது முணுக்கு தாண்டி, முப்பது முணுக்கு திரும்பி. வரிசை நேரானது.

அப்புறம் துளையே வட்டமாக விழாமல் மூன்று மூலையாக விழுந்தது. மெல்லிய தகட்டில் சாதா டிரில் அப்படித்தான் செய்யும். ஏலக்காயும் மூணு மூலைதானே, பொருத்தமாகத்தானே இருக்கிறது, விடுங்கள் என்று யோசேப்பு கேலி செய்தான். பிச்சைமணி டிரிலின் மூக்கைத் தட்டையாகத் தேய்த்து, நடுவில் மட்டும் முள் மாதிரி விட்டு, தகட்டுக்குக் கீழே பலகை வைத்து அழுத்தினார். துளை வட்டமானது. அளவுகோலில் வைத்தார். எட்டு என்றால் எட்டு. கை அடித்த காலத்தில்கூட இருநூறில் ஒன்று கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். இதில் அதுவும் இல்லை.

எண்பத்தாறு ஆவணியில் முதல் ஆறு சல்லடைகள் தயாராயின. காலையில் ஓடவிட்டால் மதியச் சோற்றுக்கு ஒன்று முடிந்தது. மோட்டார்கள் நகரும்போது நாதஸ்வரத்துக்குச் சுதி பிடிக்கிற மாதிரி ஒரு ஊளை எழும். காசிமாயன் பார்க்க வந்து, வாசலிலேயே நின்று, "ரேடியோக்காரன் சகவாசத்துல சல்லடைக்கும் பாட்டு வச்சிட்டியா?" என்றார். பிச்சைமணி தகட்டின் அடியில் இருந்த பிசிறை அரத்தால் தள்ளி, உப்புத்தாள் போட்டு, மரச்சட்டம் அடித்துக் கொடுத்தார். காசிமாயன் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். துளைகள் எந்தப் பக்கம் பார்த்தாலும் கோடு கோடாகத் தெரிந்தன. ஆறையும் எடுத்துக்கொண்டு, மேற்கொண்டு பன்னிரண்டு சொன்னார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ராமுத்தாய் வேலை விட்டு வந்தாள். முகம் கழுவவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு பிடி ஏலக்காயை அவர் முன்னால் தட்டில் கொட்டினாள்.

"பாருங்க மாமா."

நல்ல பச்சைக் காய். அவர் ஒன்றை எடுத்து உருட்டினார். தோலில் மெல்லிய வெள்ளைக் கீறல், பூனை நகம் பட்ட மாதிரி. அடுத்ததை எடுத்தார். அதிலும் இருந்தது. தட்டில் இருந்த பாதிக் காயில் இருந்தது.

"தோட்டத்துலயே கீறியிருக்கும்" என்றார்.

"வரும்போது நல்லாத்தான் வந்துச்சு. சலிச்ச பெறகுதான் கீறல். மொக்கம்மா அக்காதான் மொதல்ல பாத்தது. மொதலாளி ஆறையும் எடுத்துச் சாத்தி வச்சிட்டாரு. நாளைக்கு ஒங்களைக் கூப்புட்டு அனுப்புவாரு."

காசிமாயன் கூப்பிட்டு அனுப்பவில்லை. சல்லடைகளைக் கைவண்டியில் ஏற்றி அனுப்பினார். மூன்றாம் பறிப்புக் காய் இறங்கும் வரை பார்ப்பேன், அதற்கு மேல் வெளியூர்ச் சரக்குத்தான் என்று வண்டிக்காரனிடம் சொல்லி விட்டிருந்தார். கீறல் விழுந்த காய் பத்து நாளில் அந்த இடத்தில் பழுப்பேறிவிடும். பச்சைக்குத்தான் போடிக் காய்க்கு மதிப்பு. அதைப் பிச்சைமணிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆறு சல்லடையும் பட்டறைச் சுவரில் சாய்ந்து நின்றன. அவர் விரலால் தடவினார். உப்புத்தாள் போட்டது, வழவழவென்றுதான் இருந்தது. துளையின் அளவு சரி. இடைவெளி சரி. பிசிறு இல்லை. யோசேப்பு நோட்டை முதலிலிருந்து புரட்டி ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தான். அதில் ஒரு பிழையும் இல்லை. பிழை இல்லாததுதான் அவர்கள் இருவரையும் பயமுறுத்தியது. பிழை இருந்தால் திருத்தலாம்.

மறுநாள் ராமுத்தாய் வேலைக்குப் போகவில்லை. தன் புருஷன் சல்லடையைப் பற்றி நாற்பது பேர் பேசுகிற இடத்தில் உட்கார அவளுக்கு மனசில்லை. பட்டறைக்கு வந்து, யோசேப்பு மெசினை ஓட்டிக் காட்டியதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டிரில் இறங்கியது, ஏறியது, மேசை நகர்ந்தது, மறுபடி இறங்கியது.

"இது ஒரு சத்தந்தானே போடுது" என்றாள்.

என்ன சொல்கிறாய் என்றார் பிச்சைமணி.

"நீங்க ஒரு ஓட்டைக்கு ரெண்டு சத்தம் போடுவீங்கள்ல. ணங்குன்னு ஒண்ணு, டிக்குன்னு ஒண்ணு. நான் சோறு கொண்டாரப்ப ரோட்டு முக்குலயே கேக்குமே. இது ஒண்ணோட நிப்பாட்டிருது."

அது சில்லு விழுவதற்காக அடிக்கிற தட்டு என்று பிச்சைமணி விளக்கினார். துளையிலிருந்து வெட்டுப்பட்ட வட்டச் சில்லு ஈயத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்; அதை இறக்கிவிட லேசாக இரண்டாவது ஒரு தட்டு. டிரிலில் சில்லே கிடையாது, பிறகு எதற்கு அது. சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். பழைய கைச் சல்லடை ஒன்று மூலையில் கிடந்தது. அதை எடுத்து வந்து கண்ணை மூடிக்கொண்டு, நல்ல உணர்ச்சி இருக்கிற இடது கைச் சுண்டு விரலைத் துளைக்குள் விட்டு உதட்டை வருடினார். அப்புறம் மெசின் சல்லடையின் துளையில் விட்டார். வித்தியாசம் இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

ஈயக்கட்டியை எடுத்து வைத்தார். பஞ்ச்சை எடுத்தார். ராமுத்தாய்க்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று வாயெடுத்தவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். மரத்துப்போன விரல்கள் சுத்தியலைப் பிடிக்காததால், யோசேப்பு ஒரு துணிக் கிழிசலால் கையோடு சேர்த்துக் கட்டிவிட்டான். ஒரு துண்டுத் தகட்டில் பத்துத் துளை ஒரே அடியாக அடித்தார். இன்னொரு துண்டில் பத்துத் துளை வழக்கம்போல இரண்டு தட்டாக அடித்தார். முடிக்கும்போது நெற்றியெல்லாம் வேர்த்து, உதடு வெளுத்துவிட்டது. அதற்கப்புறம் அவர் சுத்தியல் எடுத்து ஒரு துளையும் அடித்ததில்லை.

கடிகாரக் கடையில் இரவல் வாங்கிய பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்கள். ஒரே அடி விழுந்த துளையின் விளிம்பு கத்தி மாதிரி நின்றது. மெசின் துளையின் விளிம்பும் அப்படித்தான். இரண்டு தட்டு விழுந்ததன் விளிம்பு குடத்தின் வாய் மாதிரி உள்ளே உருண்டிருந்தது. பஞ்ச்சின் கழுத்தில் அவர் எப்போதோ கடைந்து வைத்த லேசான வளைவு, இரண்டாவது தட்டில் போய்த் துளையின் உதட்டில் உட்கார்ந்திருக்கிறது. சில்லு இறங்குவதற்காக என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த தட்டு.

யோசேப்பு கண்ணாடியைக் கீழே வைத்தான். "அண்ணே, இத்தனை வருசமா செஞ்சிட்டு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"எனக்கே யாரும் சொல்லலையேப்பு" என்றார் பிச்சைமணி.

ராமுத்தாய் அவர் கையிலிருந்த துணிக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஐந்து வாரம் கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு யோசேப்பு பட்டறையிலேயே கிடந்தான். சட்டத்தில் நாலு காடி காலியாக இருந்தது. ஐந்தாவது பலகையைச் செய்து அதில் செருகினான். டிரிலுக்குப் பக்கத்தில் சரியாக நாற்பத்தெட்டு மில்லிமீட்டர், அதாவது நாலு துளைத் தூரம் தள்ளி, பிச்சைமணி அதே மாதிரி இறங்கி ஏறுகிற இன்னொரு தலையை நிறுத்தினார். அதன் நுனியில் லாரி பேரிங்கிலிருந்து எடுத்த ஒரு எஃகுக் குண்டு. துளையை விடக் கொஞ்சம் பெரியது. அது சுற்றிக்கொண்டே துளையின் வாயில் அழுந்த வேண்டும். முதலில் விறைப்பாகப் பொருத்தியதில், தகடு மேடாக இருந்த இடத்தில் அதிகமாக அமுங்கியது, பள்ளமாக இருந்த இடத்தில் தொடவே இல்லை. கை என்றால் தகட்டுக்குத் தகுந்தபடி தானே விட்டுக் கொடுக்கும். குண்டுக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங்கை வைத்தார். ஒன்று மாற்றி ஒன்றாகப் பதினாறு ஸ்பிரிங்குகள் போட்டுப் பார்த்து, ஜீப்பு ஹாரன் ஒன்றிலிருந்து எடுத்தது சரிப்பட்டது. பிச்சைமணி ஒவ்வொரு தடவையும் சுண்டு விரலை விட்டுப் பார்ப்பார். தலையை ஆட்டுவார். யோசேப்பு முணுக்கு எண்ணிக்கையை மாற்றுவான். கடைசியில் ஒரு தடவை அவர் தலையை ஆட்டவில்லை.

ராமுத்தாய் அரைப்படிக் காய் கொண்டுவந்து, கொட்டகையில் சலிக்கிற மாதிரியே உட்கார்ந்து, நூறு தடவை குலுக்கினாள். மூன்று பேரும் ஆளுக்கு ஒரு பங்காகப் பிரித்து எடுத்துக்கொண்டு வெயிலில் வைத்து ஒவ்வொரு காயாகப் பார்த்தார்கள். கீறல் இல்லை. ஆனால் பட்டறையில் பார்ப்பது வேறு, கொட்டகையில் நாள் முழுக்க ஓடுவது வேறு.

மூன்றாம் பறிப்புக் காய் மலையிலிருந்து இறங்கிய அன்று பிச்சைமணி இரண்டு சல்லடைகளைத் தோளில் வைத்துக்கொண்டு தானே காசிமாயன் கொட்டகைக்குப் போனார். பட்டறையிலிருந்து கால் மைல்தான். வழியில் இரண்டு இடத்தில் நின்றார். கொட்டகை வாசலில் ஜீப்புகள் நின்றன. உள்ளே காய் அம்பாரம் அம்பாரமாகக் குவிந்திருந்தது. ஓட்டுக்கூரையின் கண்ணாடி வழியே விழுந்த வெளிச்சத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ராமுத்தாய் இவரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். சலிக்கிறவர்களுக்கெல்லாம் மூத்தவள் மொக்கம்மாள். அவளுடைய பழைய சல்லடையின் சட்டம் ஒரு பக்கம் பிரிந்து கயிற்றில் கட்டியிருந்தது. பிச்சைமணி படியேறாமல் நின்றார்.

மொக்கம்மாள் நிமிர்ந்தாள். "என்னப்பு, தூணு மாதிரி நிக்கிற? வெரசா கொண்டா, காய் மலையாட்டம் கெடக்கு."

கையிலிருந்ததை வாங்கிக்கொண்டாள். துளையைப் பார்க்கவில்லை, தடவவில்லை. ஒரு முறம் காயை அள்ளிப் போட்டுக் குலுக்கத் தொடங்கினாள். சின்னக் காய்கள் சலசலவென்று கீழே இறங்கின. காசிமாயன் எங்கிருந்தோ வந்தார். மேலே நின்ற காயில் பத்தை அள்ளிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ஒன்றை வாயில் போட்டு மென்றார். பிறகு, லோடு இறக்கத் தாமதம் பண்ணிய ஜீப்பு டிரைவரைத் திட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

மொக்கம்மாள் இரண்டாவது முறம் போட்டாள். பிச்சைமணி தூணோடு தூணாக நின்றார். மூன்றாவது முறம் போட்டபோது அவள் சல்லடையையே பார்க்கவில்லை. தேவாரத்தில் யானை இறங்கி யார் தோட்டத்துச் சோளத்தை அழித்தது, காவலுக்குப் படுத்திருந்தவன் எந்த மரத்தில் ஏறினான் என்று பக்கத்தில் இருந்தவளுக்குக் கதை சொல்லிக்கொண்டே சலித்தாள். யானை திரும்பிப் போகிற வரைக்கும் பிச்சைமணி நின்று கேட்டார். பிறகு, காசிமாயன் சொன்ன பன்னிரண்டில் மிச்சம் பத்துச் சல்லடைக்குத் தகடு வெட்டப் பட்டறைக்கு நடந்தார்.